மேப்பிள் காட்டில் மெல்லிய குழாய்: ஆறு பருவத்து அனுபவம்

கனடாவில், கிழக்கு ஒன்ராறியோவில், லனார்க் பக்கம், எங்களுக்கு ஒரு துண்டுக் காடு இருக்கிறது. மேப்பிள் மரத்தைத் துளைத்து, வடியும் சாற்றைச் சேர்த்துக் காய்ச்சிப் பாணி எடுக்கிறோம். தெற்குப் பார்த்த சரிவு. சீனி மேப்பிள்தான் அதிகம், இடையிடையே செம்மேப்பிள். தொடக்கத்தில் சாறு பிடிக்க எல்லாம் மரத்தில் மாட்டிய வாளிதான், மொத்தம் 60. மார்ச்சில் முழங்காலளவு பனிக்குள் நடந்து, ஒவ்வொன்றாகக் கழற்றி ஊற்றி, சரிவில் இறக்கிக்கொண்டு வரவேண்டும். ஒரு லீற்றர் பாணிக்கு ஏறத்தாழ 40 லீற்றர் சாறு வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் நான் பாணி காய்ச்சியதைவிடத் தண்ணீர் காவியதே அதிகம். 2020 பெப்ரவரியில், சாறு மரத்திலிருந்து தானாகவே கீழே உள்ள பீப்பாவுக்கு ஓடிவரும் குழாய்க்கு மாறினேன். இதுவரை ஆறு பருவம் ஓடிவிட்டது.

நான் போட்டது 3/16 அங்குல மெல்லிய குழாய். பெரிய தோட்டங்களில் 5/16 குழாயை மரங்களிலிருந்து இழுத்து, கம்பியில் கட்டிய பெரிய குழாயோடு சேர்த்து, வெற்றிடப் பம்பு வைத்து உறிஞ்சுவார்கள். எனக்குப் பம்பு வைக்க மின்சாரமும் இல்லை, மனமும் இல்லை. மெல்லிய குழாயின் சூட்சுமம் இதுதான்: 5/16 குழாயில் சாறு அடியால் ஒழுகும், காற்று மேலால் போய்விடும். 3/16-இல் அதற்கு இடமில்லை. சாறு குழாயை அடைத்துக்கொண்டு ஒரே கயிறு போல இறங்கும். இறங்கும்போது மேலே உள்ள மரங்களை இழுக்கும். ஒரு அடி இறக்கத்துக்கு ஏறத்தாழ 0.88 அங்குலப் பாதரச அளவு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) இழுவை கிடைக்கும். எங்கள் சரிவில் மேல் மரத்துக்கும் கீழ்ப் பீப்பாவுக்கும் 28 அடி வித்தியாசம். முதல் பருவத்தில் உச்சி மரத்தில் பூட்டிய வெற்றிட மானியில் 22 அங்குலத்தைப் பார்த்தபோது, எந்த இயந்திரமும் ஓடாத காட்டில் அந்த முள் நிற்பதை நம்பவே முடியவில்லை. சமதரைக் காடு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மெல்லிய குழாய் வாங்கிவிட வேண்டாம். இறக்கம் இல்லையென்றால் இது வெறும் ஒடுங்கிய குழாய்தான்.

இறக்கத்தை அளக்கப் பெரிய கருவி ஒன்றும் வாங்கவில்லை. ஊரில் மேசன்மார் தண்ணீர் நிரப்பிய குழாயை இரண்டு பேர் பிடித்து மட்டம் பார்ப்பார்களே, அதே வித்தை. இலையுதிர் காலத்தில் நானும் மகனும் படிப்படியாக அளந்து முடித்தோம். இலை விழுவதற்கு முன்பே மேப்பிள் மரங்களுக்கு நாடா கட்டி வைத்தது நல்லதாகப் போயிற்று. மாரியில் பட்டையை மட்டும் பார்த்து மரத்தைச் சொல்வது என்னால் இன்றைக்கும் முடியாது.

நான்கு குழாய், ஒவ்வொன்றிலும் 23 மூக்கு, ஆக 92. மரத்தில் செருகும் துண்டைத்தான் மூக்கு என்கிறேன். கெண்டி மூக்குப் போலவே இருக்கும். குழாயை ஆணி அடித்துத் தொங்கவிடக் கூடாது. ஒரு மரத்துக்கு இடப்பக்கம், அடுத்த மரத்துக்கு வலப்பக்கம் என்று பின்னிக்கொண்டே போய், கடைசி மரத்தைச் சுற்றி இழுத்துக் கட்டினால் தானாகவே நிற்கும். அனுபவக்காரர் சொல்வது மூன்றே மூன்று: இறுக்கம், நேர், இறக்கம். மூன்றில் முதலாவதில் நான் சறுக்கினேன். கடுங்குளிரில் குழாய் சுருங்கி விறைத்திருக்கும். அந்த நிலையில் கையால் இழுத்தபோது வீணைத் தந்தி போல இருந்தது. ஏப்ரல் வெயில் பட்டதும் கொடிக்கயிறு போலத் தொய்ந்துவிட்டது. தொய்வில் தேங்கிய சாறு இரவில் உறைந்து, மறுநாள் மதியம் வரை இளகவில்லை. இப்போது குழாய் வேலை எல்லாம் ஒக்டோபரில்தான்.

இணைப்பு பூட்டுவதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் குழாயை வெட்டி ஒரு ‘ரீ’ (T வடிவ) இணைப்பு போட்டு, அதிலிருந்து இரண்டு முழக் கிளைக்குழாயை மூக்குக்குக் கொண்டுபோக வேண்டும். ரீயை முச்சந்தி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். குளிரில் குழாய் வாய் விரியாது. சுடுதண்ணீர்ப் போத்தலில் நுனியை மூன்று நான்கு விநாடி முக்கி எடுத்தால் மெழுகு போல வழிவிடும். அந்த நேரத்துக்குள் முச்சந்தியை அமுக்கிவிட வேண்டும். இருபுறமும் பிடித்துத் தள்ளும் இடுக்கி ஒன்று இருக்கிறது. விலையைப் பார்த்து முதல் நாள் அது இல்லாமல் தொடங்கினேன். இரவு சாப்பிடும்போது பெருவிரலால் சோற்றைப் பிசைய முடியவில்லை. அடுத்த நாளே வாங்கியாயிற்று. கிளைக்குழாயில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் பழைய தழும்பிலிருந்து தள்ளிப் புதுத் துளை போட வேண்டும். நீளம் குறைந்தால் நான்காம் ஆண்டில் மரத்தின் மறுபக்கம் எட்டாது. ஒன்றரை அங்குல ஆழம் போதும். துளைக்கும்போது வெள்ளைத் தூள் வந்தால் உயிர்க்கட்டை. பழுப்பாக வந்தால் பழைய காயத்தில் ஏறிவிட்டீர்கள்.

முதல் பருவம் மூக்குக்கு 62 லீற்றர். வாளிக் காலத்தில் 35 வந்தாலே பெரிய விஷயம். இரண்டாம் ஆண்டு பருவமே மோசம், அதை விட்டுவிடுவோம். 2022 கியூபெக்கிலும் இங்கும் நல்ல விளைச்சல். எனக்கு மட்டும் 51. மரம் களைத்துவிட்டதோ என்று நினைத்தேன். அந்த மே 21 அன்று ஒன்ராறியோவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போன பெரும் புயல் எங்கள் காட்டையும் விடவில்லை. வண்டு அரித்து நின்றபடியே செத்திருந்த ஆஷ் மரங்கள் இரண்டு குழாய்களின் மேல் சரிந்தன. திட்டிக்கொண்டே அந்த இரண்டையும் முழுதாகப் புதிதாகப் போட்டேன்.

2023-இல்தான் விஷயம் பிடிபட்டது. நான்கு குழாய்க்கும் தனித்தனி நீலப் பீப்பா. புதுக் குழாய் இரண்டும் மூக்குக்கு 58 லீற்றர் தந்தன; பழையவை 40-ஐத் தாண்டவில்லை. காடும் ஒன்று, காலநிலையும் ஒன்று. பழைய முச்சந்தி ஒன்றை எடுத்து நீளவாட்டில் பிளந்து பார்த்தேன். உள்ளே பாதாம் பிசின் ஊறினால் வருமே, அப்படி ஒரு வழுவழுப்பு. ஊசி நுழையும் அளவு ஓட்டைதான் மிச்சம். சாற்றில் வளரும் நுண்ணுயிர்களின் வேலை. பனையில் கருப்பநீர் இறக்குபவர்கள் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிப் புளிப்பைத் தடுப்பார்கள். இங்கே குளிர்தான் காவல், ஆனால் அது பருவ முடிவில் போய்விடுகிறது.

நானும் கழுவாமல் இருக்கவில்லை. முதல் இரண்டு ஆண்டு பிளீச் கரைசல் விட்டேன். அது விட்டுப்போகும் உப்புச் சுவைக்கு அணில்கள் வந்துவிட்டன. ஒரே வாரத்தில் 17 இடத்தில் கடி. கடித்த இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது: மானி முள் விழும், குழாய்க்குள் குமிழிகள் ஓட்டப்பந்தயம் ஓடும், அமைதியான காலையில் ‘ஸ்ஸ்’ என்ற சத்தமும் கேட்கும். ஆனால் 92 மரத்தையும் நடந்து பார்க்க வேண்டுமே! இப்போது கனடாவில் அனுமதித்திருக்கும் ஐசோபுரோபைல் ஆல்ககோலை மூக்கு கழற்றும்போதே செலுத்திவிடுகிறேன். அடுத்த பருவம் முதலில் ஓடும் சாற்றை நிலத்தில் விட்டுவிட வேண்டும். ஐயோ என்று இருக்கும், விடத்தான் வேண்டும். அணில் தொல்லை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

பழைய இரண்டு குழாயிலும் நீளக் குழாயை வைத்துக்கொண்டு, முச்சந்தியையும் கிளைக்குழாயையும் மட்டும் மாற்றினேன். 2024-இல் 57-க்கு ஏறிவிட்டது. ஆகவே என் கணக்கு இப்படி: மூக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிது, முச்சந்தி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. இந்தச் செலவைச் சேர்க்காமல் ‘பம்பே தேவையில்லை, மலிவு’ என்று யாராவது சொன்னால் அவர் இரண்டாம் பருவத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

புயலுக்குப் பின் போட்ட இரண்டு குழாய்க்கும் மூன்று பருவம் முடிந்துவிட்டது. அவற்றுக்கான 46 முச்சந்தியும் பெட்டியில் வந்து கொட்டிலில் கிடக்கின்றன. இடுக்கியைத்தான் மகன் எங்கேயோ வைத்துவிட்டான்.