ஒரே குற்றவுணர்வு, நான்கு ஆலோசகர்கள்

வயதான அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்த மகன் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேலைக்குப் போகிறார், சாப்பிடுகிறார், தூங்கவும் செய்கிறார். ஆனால் 'நான் செய்தது சரிதானா?' என்பது மட்டும் அரித்துக்கொண்டே இருக்கிறது. இவர் யாரிடம் போகலாம்? மனநலச் சிகிச்சைக்கா, அல்லது வாழ்க்கைச் சிக்கல்களைத் தத்துவத்தின் துணையோடு பேசித் தெளியும் தத்துவ ஆலோசனைக்கா?

முதலில் சிபிடி, அதாவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கியது. 'நான் கெட்ட மகன்' என்ற எண்ணத்தைத் தாளில் எழுதச் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பார்கள். மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கு இது பலன் தருகிறது என்பதற்கு ஏராளமான ஆய்வுகள் உண்டு. தத்துவ ஆலோசனைக்கு அந்த அளவு சான்று கிடையாது. இதை மழுப்ப வேண்டியதில்லை.

ஆனால் மகனின் கேள்வியில் ஒரு பகுதி இதில் அடங்காது. பெற்றோருக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன், அந்தக் கடனுக்கு எல்லை உண்டா என்பதற்கு ஆதாரம் திரட்டிப் பதில் காண முடியாது. வாதிட்டுத்தான் தெளிய வேண்டும். தத்துவ ஆலோசனைக்கு வேலை இருப்பது இங்கேதான்.

தத்துவ ஆலோசகர்களில் அமெரிக்கரான எலியட் கோகனின் தர்க்க அடிப்படையிலான சிகிச்சை சிபிடிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸின் முறையிலிருந்து கிளைத்தது. எல்லிஸோ, நம்மைக் கலங்கடிப்பது நிகழ்ச்சிகளல்ல, அவற்றைப் பற்றிய நம் தீர்ப்புகளே என்ற பழங்காலத் தத்துவவாதி எபிக்டெட்டஸிடமிருந்து தொடங்கியவர். கோகன் உணர்ச்சிக்கு அடியில் ஒரு வாதம் ஒளிந்திருப்பதாகப் பார்க்கிறார். 'தவறு செய்தேன், ஆகவே நானே தவறானவன்' என்பது அவர் பட்டியலிடும் பிழைகளில் ஒன்று. பிழையைக் காட்டுவதோடு நிற்காமல், அதற்கு மாற்றான நற்பண்பையும் (இங்கே சுயமதிப்பு) அதை வளர்க்க உதவும் தத்துவத்தையும் தருகிறார். மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்ற ஜெர்மன் தத்துவவாதி காண்ட் இந்த இடத்தில் உதவுவார். படிப்படியான வேலை பிடித்தவர்களுக்கு இது ஒத்துப்போகும்.

தத்துவ ஆலோசகர்களில் லூ மரினாஃப் அதிகம் பேசப்பட்டவர். மனச்சோர்வுக்குத் தரப்படும் புரோசாக் மாத்திரை வேண்டாம், பிளேட்டோ போதும் என்று தலைப்பிலேயே முழங்கிய அவரது நூல் 1999இல் வந்தது. சிக்கல், உணர்ச்சி, ஆய்வு, ஆழ்ந்த சிந்தனை, சமநிலை என ஐந்து படிகள். எனக்கு இது அவ்வளவாக ஒட்டவில்லை. படிகள் தெளிவுதான், ஆனால் கவனமில்லாத ஆலோசகர் கையில், சிக்கலுக்கு ஏற்ற மேற்கோளைத் தேடிக் கொடுக்கும் வேலையாக இது சுருங்கிவிடும். தலைப்பும் விஷமம்: மாத்திரை தேவைப்படுபவருக்கு பிளேட்டோ மாற்று ஆகமாட்டார்.

இத்துறையின் தொடக்கம் ஜெர்மனியில். 1981இல் கொலோன் அருகே பெர்கிஷ் கிளாட்பாக்கில் கெர்ட் அகென்பாக் தன் ஆலோசனை அறையைத் திறந்தார். வருபவர் நோயாளி அல்ல, விருந்தாளி. நிலையான முறை எதுவும் கூடாது என்பது அவர் பிடிவாதம். மகனிடம் 'கைவிட்டேன் என்கிறீர்களே, உடன் இருந்திருந்தால் என்ன கொடுத்திருப்பீர்கள்?' என்பதுபோல் பேச்சு தொடங்கலாம். அது எங்கே போகும் என்று இருவருக்குமே தெரியாது. குற்றவுணர்வைப் போக்குவது இலக்கே அல்ல. அது நியாயமானது என்றுகூட முடியலாம், அப்போது அம்மாவுக்காக இனி என்ன செய்வது என்று யோசிக்க வேண்டிவரும். இந்த மகனுக்கு நான் இதையே சொல்வேன். குறை என்னவென்றால், ஆலோசகர் சுமாரானவராக இருந்தால் காசும் நேரமும் போய் வெறும் அரட்டைதான் மிஞ்சும். சிபிடியில் சுமாரானவரையும் முறை ஓரளவு தாங்கிப்பிடிக்கும்.

மேலே சொன்ன மகன் தூங்கிச் சாப்பிட்டு வேலைக்குப் போகிறவர். அவை நின்றுபோனாலோ, சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தாலோ இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணுக்கும் அழைக்கலாம்.

தத்துவ ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பவர் முதல் நாளே ஒன்றைக் கேட்டுவிடுவது நல்லது: 'எப்படிப்பட்டவர் வந்தால் நீங்கள் மருத்துவரிடம் அனுப்புவீர்கள்?' பதில் சொல்லத் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.