ஷெல்ஃப்: ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் போட்டுப் பார்த்தோம்

பிரையர் (தரவு கைக்கு வருமுன் நிபுணர்கள் சொல்லும் கணிப்பு) எடுக்க ஷெல்ஃப் (SHELF) என்ற முறை சரிப்படுமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக இறக்கிக்கொள்ளுங்கள், காசு கிடையாது. ஆனால் பல பேர் கருத்தை ஒன்றாகச் சேர்த்துத் தரும் அந்த ஒரு வசதியை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் டோனி ஓ'ஹேகனும் ஜெரமி ஓக்லியும் உருவாக்கிய முறை இது. நிபுணர்களிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கான படிவங்கள் தனி, கணக்குப் போட ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் ஒரு பேக்கேஜ் தனி. எங்களுக்கு வேண்டியது ஏற்காட்டில் ஒரு தோட்டத்தின் அராபிகா விளைச்சல், ஏக்கருக்கு எத்தனை கிலோ கொட்டை தேறும் என்பது. பழைய கணக்கு நோட்டில் பாதி கரையானுக்குப் போய்விட்டதால், முன்கணிப்பையும் தரவையும் சேர்த்துக் கணக்கிடும் பேயீசியன் மாடலுக்கு வேண்டிய பிரையர் ஆட்களின் வாயிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

இதில் ரூலெட் என்று ஒரு முறை இருக்கிறது, அதுதான் அருமை. மேஸ்திரியிடம் போய் இடைநிலை என்ன, கால்மானம் என்ன என்று கேட்டால் எழுந்து போய்விடுவார். திரையில் கட்டங்களில் சில்லு வைப்பதற்குப் பதிலாக நாங்கள் சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு 20 காப்பிக் கொட்டையைக் கையில் கொடுத்தோம், ஒரு கொட்டை 5 சதவீதம். மளமளவென்று 150 கிலோவைச் சுற்றிக் குவித்தவர், கடைசியில் ஒன்றை எடுத்து 80 கிலோ பக்கம் நகர்த்தி, "பூ மழை ஏமாத்திட்டா இங்கதான் நிக்கும் சார்" என்றார். அதை அப்படியே பேக்கேஜில் கொடுத்தால் நார்மல், காமா, பீட்டா என்று பல நிகழ்தகவு வளைவுகளைப் பொருத்திப் பார்த்து எது நன்றாக உட்காருகிறதோ அதைச் சொல்லிவிடுகிறது.

வம்பு அடுத்து. கொட்டை வாங்கும் வியாபாரி 250ஐச் சுற்றி வைத்தார். மென்பொருள் தரும் லீனியர் பூல் (இருவர் வளைவையும் சராசரி எடுத்துச் சேர்ப்பது) இரண்டு திமிலும் நடுவில் பள்ளமுமாக வந்தது, சராசரி 200. வளைவுகளைப் பெருக்கிச் சேர்க்கும் லாக் பூலைத் தனியாகப் போட்டேன், அது 200இலேயே ஒரே குன்றாக நின்றது, அதாவது இரண்டு பேருமே கொட்டை வைக்காத இடத்தில்! யார் கருத்துக்கு எவ்வளவு எடை என்பதை மாற்றி மாற்றிப் போட்டாலும் ஏன் இந்த வித்தியாசம் என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது.

ஷெல்ஃப் படிவம் சொல்வது வேறு: முதலில் தனித்தனியாகக் கேள், அப்புறம் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிடு, யார் பக்கமும் சாயாத ஒருவர் இத்தனையும் கேட்டபின் என்ன நினைப்பார் என்று முடிவெடு. பேசவைத்ததில் தெரிந்தது, மேல் காட்டில் தண்டுத் துளைப்பான் விழுந்து பிடுங்கிப்போட்ட செடிகளை மேஸ்திரி கணக்கில் கழித்திருந்தார், வியாபாரிக்கு அது தெரியவே தெரியாது. அரை மணி நேரத்தில் அவரே இறங்கி வந்தார். இறுதி பிரையர் 165 கிலோ பக்கம் அமைந்தது.

குறை இல்லாமல் இல்லை. எல்லாம் ஆங்கிலம், ஆர் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். வியாபாரியும் இன்னொரு தோட்டக்காரரும் ஒரே ஆளிடம் சேதி கேட்டுப் பேசினால் அது உண்மையில் ஒரு கருத்துதான், பூலிங்கோ இரண்டாக எண்ணும், இதை நீங்கள்தான் விசாரித்துப் பிடிக்க வேண்டும். விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டு ஆளுக்கேற்ற எடை போட வேண்டுமென்றால் ரோஜர் குக்கின் முறை பக்கம் போங்கள். மலையில் நெட் போனாலும் கவலையில்லை, ஒரு தடவை நிறுவிவிட்டால் நம் லேப்டாப்பிலேயே ஓடுகிறது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், அந்த நான்கில் மூன்று படிவத்துக்கு.