சர்க்கரை இல்லாத சூயிங்கம்: நாய் வளர்ப்போர் வாங்கலாமா?

சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி சேர்த்த இந்தப் புதினா சூயிங்கத்தை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வந்தேன். சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பல்லுக்கும் கேடில்லை. ஆயினும், நாய் இருக்கும் வீட்டில் இதை வாங்கி வைக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இதன் மூடி விரலால் நெம்பினாலே திறந்துகொள்ளும். மேசையிலிருந்து டப்பாவைத் தள்ளிவிட்ட எங்கள் எட்டுக் கிலோ நாய் எத்தனை துண்டுகளைத் தின்றது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பார்த்தபோது அது வாந்தி எடுத்து, நிற்க முடியாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. மனிதர்கள் மென்றால் தொல்லை தராத சைலிட்டால், நாயின் உடலில் இன்சுலினை மளமளவெனச் சுரக்கச் செய்வதால், அரை மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்; சூயிங்கத்தை மெல்லாமல் விழுங்கியிருந்தால் பல மணி நேரம் கழித்தும் அது நேரலாம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே இந்த ஆபத்து உண்டு. கிலோவுக்கு 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலே செயலிழக்கலாம். எங்கள் நாயின் எடைக்கு, சர்க்கரை இறங்க 0.8 கிராம் போதும். சில சூயிங்கங்களில் ஒரே துண்டில் அவ்வளவு இருப்பதுண்டு.

கால்நடை மருத்துவர் தொலைபேசியில் முதலில் கேட்டது, ஒரு துண்டில் எத்தனை கிராம் சைலிட்டால் இருக்கிறது என்பதைத்தான். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அந்த அளவு எங்கும் இல்லை. உட்பொருள்களின் வரிசையில் பொடி எழுத்தில் பெயர் மட்டும் இருந்தது. நாய்க்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று ஒரு வரிகூட இல்லை. என் மனக்குறை முழுவதும் இதில்தான். சாக்லேட் நாய்க்கு ஆகாது என்று அறிந்து அதைப் பூட்டி வைத்திருந்த நாங்கள், 'சர்க்கரை இல்லை' என்ற சொல்லை நம்பி இதை மேசைமேல் விட்டிருந்தோம்.

வீட்டில் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், உடனே அழைத்து வாருங்கள் என்றார் மருத்துவர். நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றி, ஒரு நாள் முழுவதும் மணிக்கணக்கில் சர்க்கரையைச் சோதித்தார்கள். அடுத்த மூன்று நாட்களும் கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனை நடந்தது. நாய் பிழைத்துவிட்டது.

இதை வாங்கத்தான் வேண்டுமென்றால், மூடி இறுகும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி அலமாரிக்குள் வையுங்கள். வேறு மிட்டாய்களை வாங்கும்போதும் சைலிட்டால், பிர்ச் சர்க்கரை, ஈ967 ஆகிய மூன்று பெயர்களையும் தேடிப் பாருங்கள். மூன்றும் ஒரே பொருள். ஒரு துண்டில் உள்ள அளவையும் நாய்களுக்கான எச்சரிக்கையையும் டப்பாவில் அச்சிடுமாறு தயாரிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். அதுவரை ஐந்துக்கு இரண்டு நட்சத்திரங்கள்.