24 வோல்ட் ஷட்டர் மோட்டாருக்கு ஷெல்லி பிளஸ் 2பிஎம் போதுமா?

ஷட்டரை வைஃபை வழியாக ஏற்றி இறக்க உதவும் ஷெல்லி பிளஸ் 2பிஎம் ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) விவரக் குறிப்பில் 110–240 வோல்ட் ஏசியோடு 24 வோல்ட் டிசியும் போட்டிருக்கும். அதை நம்பித்தான் பலரும் 24 வோல்ட் மோட்டாருக்கு இதை வாங்குகிறார்கள். அந்த 24 வோல்ட், ரிலே ஓடுவதற்கான சப்ளை. இரண்டு வயர் டிசி மோட்டாரை இரு திசையிலும் இது நேரடியாகச் சுற்றவைக்காது.

ஷட்டரின் உருளைக்குள் பொருந்தும் 230 வோல்ட் ட்யூபுலர் மோட்டாரில் ஏற்றத்துக்கு ஒரு லைன், இறக்கத்துக்கு ஒரு லைன், பொதுவாக ஒரு நியூட்ரல். ஓ1, ஓ2 அவுட்புட்கள் அதற்கென்றே அமைந்தவை. அந்த வேலையில் இதைக் குறை சொல்ல எதுவுமில்லை. இரண்டு வயர் டிசி மோட்டார் திசை மாற, பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாற வேண்டும். ஓ1, ஓ2 இரண்டிலும் வருவதோ ஒரே முனை.

இதற்கு 24 வோல்ட் காயில் (ரிலேயை இழுக்கும் கம்பிச் சுருள்) உள்ள ஒற்றை சேஞ்ச்ஓவர் ரிலே இரண்டு (ஓம்ரான் ஜி2ஆர்-1 போல) சேர்த்தால் போதும். இந்த ரிலேயில் காமன் முனை, காயிலுக்கு மின்சாரம் இல்லாதபோது என்சி முனையோடும், ரிலே இழுக்கும்போது என்ஓ முனையோடும் சேரும். ஓ1 முதல் ரிலேயின் காயிலுக்கு, ஓ2 இரண்டாவதற்கு. இரண்டு ரிலேயிலும் என்சி மைனஸுக்கு, என்ஓ பிளஸ்ஸுக்கு, காமன் மோட்டாரின் ஒவ்வொரு வயருக்கு. இந்த இணைப்பின் அருமை, இரண்டு ரிலேயும் தவறுதலாக ஒன்றாக இழுத்தாலும் ஷார்ட் ஆகாது. மோட்டாரின் இரண்டு வயரும் பிளஸ்ஸிலேயே நிற்கும். இரண்டும் விட்டிருக்கும்போது வயர்கள் மைனஸில் சேர்ந்திருப்பதால் மோட்டாருக்கு பிரேக்கும் கிடைக்கிறது, கனமான ஷட்டர் நழுவி இறங்குவது குறையும்.

அணைக்கும்போது எழும் வோல்டேஜ் உச்சத்தை அடக்க ஒவ்வொரு காயிலுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸில். மோட்டாருக்குக் குறுக்கே சாதாரண டயோடு போட்டுவிடாதீர்கள். திசை மாறியதும் அதுவே ஷார்ட். அங்கே இரு திசையிலும் வோல்டேஜ் உச்சத்தை அடக்கும் 36 வோல்ட் டிவிஎஸ் டயோடு வேண்டும். ரிலேயில் எழுதியிருக்கும் 10 ஆம்பியர், ஹீட்டர் போன்ற ரெசிஸ்டிவ் லோடுக்கானது. டிசியில் பொறி ஏசி போலத் தானாக அணையாது, கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். அதனால் மோட்டாருக்கு அதில் பாதிக்கும் கீழே கணக்கிடுங்கள். ஓடும் மோட்டாரைச் சட்டென்று எதிர்த்திசைக்குத் திருப்பாமல், நிறுத்தி ஒரு வினாடி விட்டு அடுத்த கட்டளை கொடுப்பதும் இதற்காகத்தான்.

இப்படி வெளி ரிலே சேர்த்ததும் ஒரு வசதி போய்விடும். 2பிஎம் தன் பவர் மீட்டரை வைத்துத்தான் ஷட்டர் எல்லையைத் தொட்டதை அறிகிறது. இப்போதோ எல்லையில் மோட்டாரை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் தன் வேலையைச் செய்த பிறகும், காயில் அரை வாட் இழுத்துக்கொண்டே இருக்கும். கேலிபரேஷன் (ஷட்டரின் எல்லைகளைத் தானே அளந்து பதிவது) தோற்கும், தடை கண்டறிதலும் வேலை செய்யாது, 'பாதி திற' என்ற கட்டளையும் இல்லை. ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனியே ஸ்டாப்வாட்சில் அளந்து, இரண்டு வினாடி கூட்டி, 2பிஎம்மின் அமைப்பில் அதிகபட்ச நேரமாகப் பதியுங்கள். இயல்பாக அங்கே 60 வினாடி இருக்கும். லிமிட் ஸ்விட்ச் இல்லாத மோட்டாரில் இந்தக் கூடுதல் வினாடிகளே கியரை உடைத்துவிடும்.

வயரிலும் கவனம் வேண்டும். 15 மீட்டர் தூரத்தில் 2 ஆம்பியர் மோட்டார் என்றால் போக வர 30 மீட்டர். 0.5 சதுர மி.மீ. வயரில் சுமார் 2.3 வோல்ட் விழும், 1 சதுர மி.மீ.யில் 1.2 வோல்ட்தான். 24 வோல்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையை ஓடும் கரண்டின் இரு மடங்குக்கு எடுங்கள்: இந்த மோட்டாருக்கு 2.2 ஆம்பியர் மீன்வெல் எல்ஆர்எஸ்-50-24 போதாது, 4.5 ஆம்பியர் எல்ஆர்எஸ்-100-24 சரி. சின்னது போட்டால் ஸ்டார்ட்டிங் கரண்டில் சப்ளை விட்டு விட்டு வரும். ஷட்டர் நான்கு விரற்கடை ஏறி நிற்கும், மறுபடி ஏறும். மோட்டார் போய்விட்டது என்று கழற்றத் தோன்றும்.

டிரை கான்டாக்ட் (வோல்டேஜ் கொடுக்காமல் இரண்டு முனைகளைச் சேர்த்தால் போதும் என்ற வகை) உள்ள கர்ட்டன் மோட்டாருக்கு 2பிஎம் வேண்டவே வேண்டாம். அந்த முனைகளில் வோல்டேஜ் போனால் மோட்டாரின் போர்டு கருகும். அங்கே பொட்டென்ஷியல்-ஃப்ரீ (தன் வோல்டேஜ் எதையும் அனுப்பாத) அவுட்புட் இரண்டு உள்ள ஷெல்லி பிளஸ் யூனி சரியான பொருள். இரண்டு அவுட்புட்டுக்கும் ஆட்டோ-ஆஃப் (தானாக அணையும் நேரம்) ஒரு வினாடி வைத்தால் பெல் ஸ்விட்ச் அழுத்தியது போல் நடக்கும்.

மோட்டார் இன்னும் வாங்கவில்லை, ஜன்னல் வரை 230 வோல்ட் வயர் போக வழியிருக்கிறது என்றால் மெக்கானிக்கல் லிமிட் உள்ள ஏசி மோட்டாரையே எடுங்கள். 2பிஎம்மின் கேலிபரேஷன், சதவீதக் கட்டுப்பாடு எல்லாம் அப்போதுதான் முழுதாகக் கிடைக்கும்.