குடும்ப ஓய்வூதிய இணையச் சேவை: 5-க்கு 2

அப்பா இறந்த பிறகு ஓய்வூதியத்தை அம்மா பெயருக்கு மாற்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பித்தேன். முடிய 11 வாரம் ஆனது.

முதல் தடை இறப்புச் சான்றிதழ். கோப்பு 200 கேபிக்குள் இருக்க வேண்டுமாம். நான் ஸ்கேன் செய்தது 1.4 எம்பி. சுருக்கி ஏற்றினேன். 9 நாள் கழித்து "ஆவணம் தெளிவாக இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். தெளிவான பிரதி ஏறவில்லை, ஏறிய பிரதியைப் படிக்க முடியவில்லை. மூன்றாம் தடவை, ஓரங்களை வெட்டி, கறுப்பு வெள்ளையில் ஏற்றியபோதுதான் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தச் சான்றிதழைக் கொடுத்ததே அரசுதான். அப்பா இறந்தது முதல் வாரமே அரசுப் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஓய்வூதியத் துறையால் அதைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். அதனால் அம்மா அந்தக் காகிதத்தை மூன்று தடவை பீரோவிலிருந்து எடுத்தார். ஒவ்வொரு தடவையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நேரில் போனபோது கவுன்டரில் இருந்த அலுவலர் அம்மாவை உட்கார வைத்து, கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "நீங்க ஏத்துறது மட்டும்தான் மேடம் இங்க வரும். எங்களாலயும் வேற எதையும் பாக்க முடியாது." அவர்மேல் குறையே இல்லை. இந்தத் தளம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுத்த இடத்தில்தான் குறை.

நான் மென்பொருள் சோதனை வேலை பார்ப்பவள். துறைகளை இணைப்பது முடியாத காரியம் இல்லை என்று தெரியும். ஐரோப்பாவில் எஸ்டோனியா என்ற சின்ன நாடு 1991-ல்தான் சுதந்திரத்தை மீட்டது. துறைகளின் தரவுத்தளங்களை இணைக்கும் எக்ஸ்-ரோடு என்ற அமைப்பு அங்கே 2001-லேயே வந்துவிட்டது. ஒரு தடவை கொடுத்த தகவலை அரசு மறுபடி கேட்கக் கூடாது என்பது அங்கே கொள்கை. குறை வந்தால் என்ன செய்வது என்றும் யோசித்திருந்தார்கள்: அரசின் இணையச் சேவைகளுக்கும் பயன்படும் அடையாள அட்டைகளில் சுமார் 7.5 லட்சத்தின் சிப்பில் 2017-ல் பாதுகாப்புக் குறை தெரிந்தது. அட்டையை மாற்றாமல் இணையம் வழியாகவே அதைச் சரிசெய்ய வழி இருந்தது. சின்ன நாடு, அதனால் முடிந்தது என்பார்கள். சரி, ஆனால் பிரிட்டன் சின்ன நாடில்லையே. அங்கே 2011-ல் பொறியாளர்களையும் வடிவமைப்பாளர்களையும் அரசுக்குள்ளேயே வேலைக்கு எடுத்து ஒரு டிஜிட்டல் பிரிவை அமைத்தார்கள்.

நமக்கும் அப்படிப்பட்டவர்கள் வேண்டும், அதுவும் முடிவெடுக்கும் நாற்காலியில். தளத்தைத் திறக்கும் அன்றோடு வேலை முடிந்தது என்று நினைக்காமல், பத்து வருடம் கழித்து இதை யார், எந்த மனநிலையில் திறப்பார் என்று கேட்கிறவர்கள்.

இரண்டு நட்சத்திரமும் அந்தக் கவுன்டர் அலுவலருக்கு. தளத்தின் கருத்துப் படிவத்தில் நட்சத்திரம் மட்டும்தான் கொடுக்க முடிகிறது, எழுத இடமில்லை. அதனால் இங்கே எழுதினேன்.