முகப்பில் விண்டோஸ், இரண்டாங்கட்டில் லினக்ஸ்

காரைக்குடியில் பழைய வீடொன்றின் ஒரு பகுதியை வாடகைக்குப் பிடித்துக் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறோம். முகப்பில் ஐந்து கணினிகள். கோப்புகளை வைத்திருக்கும் சர்வர் இரண்டாங்கட்டில், ஆத்தங்குடிக் கல் தரையில் மரப்பலகை போட்டு அதன்மேல்.

2017-இல் அதில் டெபியன் 9 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு பதிப்பு என்றால் சர்வர் உரிமம் போக, இணையும் ஆளுக்கோ கணினிக்கோ தனியாக சிஏஎல் என்ற இணைப்பு உரிமமும் வேண்டும். எங்கள் அளவுக்கு அது அதிகம். அதே பெட்டி, 10, 11 என்று ஏறி இப்போது 12-இல் ஓடுகிறது. ராம் 4 ஜிபிதான், திரையே கிடையாது.

முகப்புக் கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்ற முயன்றதுதான் பெரிய கதை. எங்கள் பழைய பத்திரிகைகள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், இன்றைய பொதுத்தரமான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. "மூத்தவனுக்கு அடிச்ச மாதிரியே சின்னவனுக்கும் வேணும், கோயில் பேரு மட்டும் சரியா வரணும்" என்று கானாடுகாத்தானிலிருந்து ஆச்சி வந்து நின்றால், அந்தக் கோப்பு அப்படியே திறக்க வேண்டும். 2020-இல் ஒரு கணினியில் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸைப் போட்டு, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாக பேஜ்மேக்கரை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது வாரம் டைப் செய்கிற தம்பி, "அண்ணே, பழசையே குடுத்துருங்க" என்றான். கொடுத்துவிட்டேன். அவன் கேட்டது நியாயம்தான்.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றபோது, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினி ஒன்று மிஞ்சியது. அதில் உபுண்டு 24.04 போட்டேன். மின்னஞ்சல் பார்க்க, வாடிக்கையாளருக்கு பிடிஎஃப் காட்ட அது போதும்.

சர்வரில் நான் மெச்சுவது, லினக்ஸிலுள்ள கோப்புகளை விண்டோஸ் கணினிகளோடு பகிரும் சாம்பா மென்பொருளின் ரீசைக்கிள் வசதி. பகிர்ந்த ஃபோல்டரில் யார் எதை அழித்தாலும் அது தனி ஃபோல்டருக்குப் போய்விடும். முகூர்த்த நாள் நெருக்கத்தில் இரண்டு முறை மானம் காப்பாற்றியது. ஆனால் அதைக் காலி செய்ய ஏற்பாடு செய்யாதது என் தப்பு. பிள்ளையார்பட்டிக்குப் போயிருந்த அன்று டிஸ்க் நிரம்பி, எதையும் சேமிக்க முடியவில்லை. தம்பி மானிட்டரைத் தூக்கிப்போய் சர்வரில் செருகினான். கோயில் மேளத்துக்கு நடுவே நான் ஃபோனில், "எல்லாம் சின்ன எழுத்து, நடுவுல ஒரு இடைவெளி" என்று கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அப்புறம்தான் முப்பது நாள் கடந்ததை அழிக்க, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே செய்யும் கிரானில் ஒரு வரி எழுதினேன்.