பிள்ளை யாரிடம் வாய் திறக்கும்? ஆசிரியரா, பள்ளி ஆலோசகரா, 14416-ஆ?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மனசு சரியில்லை என்றால், உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகும் வீடு நம் நாட்டில் அரிது. அதற்கு முன்பே கைகொடுக்க மூன்று வழிகள் பேசப்படுகின்றன: ஆசிரியருக்கே பயிற்சி கொடுப்பது, பயிற்சி பெற்ற சாதாரண ஆள் ஒருவரைப் பள்ளியில் ஆலோசகராக அமர்த்துவது, 14416 என்ற மனநல உதவி எண்.

முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடந்த 'சேஹர்' ஆய்வு அது. திட்டம் ஒன்றேதான்: பிள்ளைகள் குறையை எழுதிப் போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, குழுக் கலந்துரையாடல், தேவைப்படுபவருக்குத் தனியாக ஆலோசனை. சில பள்ளிகளில் இதை ஆசிரியர் நடத்தினார். சிலவற்றில் 'சேஹர் மித்ரா' என்ற ஆலோசகர். இவர் மனநல நிபுணர் அல்ல. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. மித்ரா இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு அறிகுறிகள், சீண்டல், வன்முறை எல்லாம் குறைந்திருந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் சொல்லும்படியான மாற்றமே இல்லை. திட்டம் தொடங்கி 17 மாதம் கழித்துப் பார்த்தபோதும் மித்ரா பள்ளிகளே முன்னால் நின்றன.

ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்வது அநியாயம். பாடம், தேர்வு, பதிவேடு என்று ஏற்கெனவே மூச்சு முட்டுகிறது. மதிப்பெண் போடுபவரிடமே மனசைத் திறப்பதும் பிள்ளைக்குக் கஷ்டம். "மிஸ் அம்மாகிட்ட சொல்லிட்டா?" என்ற ஒரு பயம் போதும், வாய் மூடிக்கொள்ளும்.

அதற்காக ஆலோசகர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். டெல்லி அரசுப் பள்ளிகளில் நடந்த 'பிரைட்' ஆய்வில், பிரச்சினையைத் தீர்க்கக் கற்றுத்தரும் கையேடுகளை மட்டும் சிலருக்குக் கொடுத்தார்கள். சிலருக்குக் கையேட்டோடு ஆலோசகரும் கிடைத்தார். ஆறு வாரத்தில், பிள்ளைகள் தாங்களே சொன்ன பிரச்சினைகளின் பாரம் ஆலோசகரிடம் பேசியவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. மனநல அறிகுறிகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

டெலி மானஸ் உதவி எண் 14416 அக்டோபர் 2022இல் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. நள்ளிரவில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் வீட்டில் இருப்பது அப்பாவின் ஒரே போன் என்றால்? தொந்தரவே வீட்டுக்குள் என்றால்? எடுப்பவர் எவ்வளவு நல்லவரானாலும் மறுநாள் பள்ளி வராந்தாவில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

பணம் ஒரு வழிக்குத்தான் என்றால் என் ஓட்டு பள்ளி ஆலோசகருக்கு. எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம், செலவில்லை. ஆசிரியர் கவனித்து, "அவங்ககிட்ட கொஞ்சம் பேசிப் பாரு" என்று அனுப்பினாலே பெரிய உதவி. சாக வேண்டும் போல இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் மட்டும் மூவருமே காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே மருத்துவர்.

ஆலோசகருக்குக் கதவு சாத்திப் பேச ஓர் அறை வேண்டும். அவரைத் தேர்வு மேற்பார்வைக்கும் அலுவலக வேலைக்கும் இழுத்துவிட்டால், அவரும் இன்னொரு ஆசிரியராகிவிடுவார்.